கல்லா, செமியா, ஃப்ரண்ட் லோடா? ஒன்பது பேர் துணியும் உப்புத் தண்ணீரும்

எங்கள் வீட்டில் ஒன்பது பேர். மாமா, அத்தை, நாங்கள் நான்கு பேர், கொழுந்தனார் குடும்பம் மூன்று பேர். வீடு கோயமுத்தூரின் மேற்குப் பக்கம். பழைய வாஷிங் மெஷின் மூச்சை விட்டபோது அடுத்து என்ன வாங்குவது என்று ஒரு மாதம் பேச்சு ஓடியது. பேசிப் பேசி அலுத்துப்போய், பயணப் பெட்டி நிறுக்கும் கைத்தராசு ஒன்றை எடுத்து, இரண்டு வாரம் அழுக்குத் துணியை நிறுத்தே பார்த்துவிட்டேன்.

ஒரு நாளைக்குச் சராசரியாக ஐந்தரை கிலோ. இதில் பள்ளிச் சீருடை, அலுவலகச் சட்டை, நைட்டி, பனியன், குழந்தை துணி எல்லாம் அடக்கம். படுக்கை விரிப்பும் துண்டுகளும் தனிக் கணக்கு, வாரத்துக்குப் பன்னிரண்டு கிலோ. ஆக, வாரம் 50 கிலோ. இந்த எண் தெரிந்த பிறகு பேச்சே மாறிவிட்டது. "8 கிலோ மெஷின் போதுமா?" என்று யாரும் கேட்கவில்லை. "50 கிலோவை எங்கே காயப் போடுவது?" என்றுதான் கேட்டார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் தண்ணீர். கோவையில் பல வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு. குழாயில் சில நாளுக்கு ஒருமுறை வரும் சிறுவாணி ஆற்றுத் தண்ணீர், அது நல்ல தண்ணி. போர்வெல்லில் எப்போதும் கிடைப்பது உப்புத் தண்ணி. உப்பு என்கிறோமே தவிர, சிக்கல் செய்வது அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பும் மக்னீசியமும்தான். சோப்புக் கட்டியோடு சேர்ந்தால் நுரைக்குப் பதில் வெள்ளையாகத் திரிந்துபோகும். டிடர்ஜென்ட் தூளுக்கு அந்த அளவு பாதிப்பு இல்லை, ஆனால் தூள் கூடுதலாகக் கேட்கும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க கடினத்தன்மை (இவை கரைந்திருக்கும் அளவு) லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை. எங்கள் போர் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தபோது 780 என்று வந்தது. துவைக்கும் வழி எதுவானாலும் இந்தத் தண்ணீரோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

துவைக்கிற கல்

பின்கட்டில் கல் இன்னும் இருக்கிறது. வாரம் 50 கிலோவைக் கல்லில் துவைக்க ஆள் கிடையாது, கிடைத்தாலும் ஒருவரின் இடுப்பை வாங்கும் வேலை அது. ஆனால் கழுத்துப் பட்டையில் ஏறிய அழுக்கை கல்லும் பிரஷும் எடுக்கிற மாதிரி எந்த மெஷினும் எடுத்ததில்லை. பள்ளிச் சட்டைகளின் கழுத்து, கை ஓரம் மட்டும் கல்லில் தேய்த்துவிட்டு மெஷினில் போடுகிறோம். மாமா தன் வேட்டியை இன்றுவரை தானே துவைத்து, சிறுவாணித் தண்ணீரில் சொட்டு நீலம் போட்டு உதறிக் காயப் போடுகிறார். அதில் யாரும் தலையிடுவதில்லை.

செமி ஆட்டோமேட்டிக்

பழைய மெஷின் இதுதான். ஒரு தொட்டியில் துவைக்கும், பக்கத்துச் சின்னத் தொட்டி பிழியும். நம் ஊரில் அந்தப் பிழியும் தொட்டியைத்தான் டிரையர் என்கிறோம். சூடான காற்றில் உலர்த்தும் உண்மையான டிரையர் வேறு என்று கடைக்குப் போனால்தான் தெரியும்.

இதன் பெரிய குறை, பக்கத்திலேயே ஆள் நிற்க வேண்டும். தண்ணீர் விட, வடிக்க, அலச, ஈரத்துணியை இந்தத் தொட்டியிலிருந்து அந்தத் தொட்டிக்கு மாற்ற. பிழியும் தொட்டி சிறியது என்பதால் ஒரு சுற்றுத் துணியை இரண்டு மூன்று தடவையாகப் பிழிய வேண்டும். சேலையை ஒரு பக்கமாக அடைத்துவிட்டால் மெஷின் தடதடவென்று நடந்தே போகும்.

ஆனாலும் கடைக்காரர் யாரும் சொல்லாத நன்மை ஒன்று இதில் உண்டு. எந்தக் கட்டத்துக்கு எந்தத் தண்ணீர் என்பதை நாம் முடிவு செய்யலாம். துவைக்க உப்புத் தண்ணி, கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு குடம் சிறுவாணி. வெள்ளைச் சட்டை மங்காமல் இருக்க எங்கள் வீட்டில் இதைவிடப் பலித்த வைத்தியம் கிடையாது. முழு ஆட்டோமேட்டிக்கில் குழாயில் எது வருகிறதோ அதுதான், நடுவில் மாற்ற வழியில்லை.

இன்னொன்று, அதே சோப்புத் தண்ணீரில் முதலில் வெளிர் நிறத் துணி, அடுத்து அடர்நிறம், கடைசியில் கால்மிதி என்று மூன்று சுற்று ஓட்டலாம். வடிகிற கடைசி அலசல் தண்ணீரைப் பிடித்து வாசல் கழுவலாம். ஆள் மட்டும் இருந்தால் சுற்றுக்கு அரை மணி நேரம், வேலை முடிந்தது.

ஃப்ரண்ட் லோடு

முன்பக்கக் கதவு வழியாகத் துணி போடும் முழு ஆட்டோமேட்டிக். கொழுந்தனார் விடாப்பிடியாக நின்று வாங்க வைத்தது, 8 கிலோ. அவர் சொன்ன காரணங்களில் பெரும்பாலானவை உண்மை. மேலே மூடி திறந்து துணி போடும் டாப் லோடு ஒரு சுற்றுக்கு நூறு லிட்டருக்கு மேல் குடிக்கும் இடத்தில் இது அறுபது லிட்டரைச் சுற்றித்தான் எடுக்கிறது. லாரித் தண்ணீர் வாங்கும் வீடாக இருந்தால் பேச்சுக்கே இடமில்லை, இதுதான். துணியை முறுக்காமல் தூக்கித் தூக்கிப் போடுவதால் நூல் தேய்வும் குறைவு. முக்கியமாக, பட்டனைத் தட்டிவிட்டுச் சமையலுக்குப் போகலாம்.

அத்தைக்கு மட்டும் மனசே ஒப்பவில்லை. முதல் நாள் கண்ணாடிக் கதவு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து முழுச் சுற்றையும் பார்த்தார். "தொவைக்கறது சரி கண்ணு, அலசறதுக்கு இத்துனூண்டு தண்ணிதான் எடுக்குது. அதுல எப்படிச் சோப்பு போகும்?" என்றார். சிரித்தோம். ஆனால் சாதாரணத் தூளை வழக்கம்போல அள்ளிப் போட்ட நாட்களில் துணியில் பிசுபிசுப்பு நிற்கத்தான் செய்தது. நுரை குறைவாக வரும் ஃப்ரண்ட் லோடு தூளுக்கு மாறி, அளவையும் குறைத்த பிறகு சரியானது. அத்தை பாதி சரி, மெஷின் பாதி சரி.

கிலோக் கணக்கில் ஒரு விஷயம். 8 கிலோ என்று எழுதியிருப்பது பருத்தித் துணிக்கான புரோகிராமில், அதுவும் உலர்ந்த எடை. சிந்தெட்டிக் புரோகிராமில் பாதி அளவுதான் போட முடியும். பதினைந்து நிமிட அவசர வாஷில் இரண்டு கிலோ போட்டாலே அதிகம். பள்ளிச் சீருடை பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்தது. இது தெரியாமல் நாங்கள் ஆரம்பத்தில் அமுக்கி அமுக்கி அடைத்தோம். துணி புரள இடமில்லாததால் அழுக்கு போகவில்லை.

சுடுதண்ணீர் வாஷ் இன்னொரு மயக்கம். பதினைந்து லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்றவே அரை யூனிட்டுக்கு மேல் வேண்டும். துணியும் டிரம்மும் சூடாவதைச் சேர்த்தால் ஒரு சுற்று ஒரு யூனிட்டை நெருங்கும். தினம் ஒரு சுற்று என்றால் இரண்டு மாத பில்லில் அறுபது யூனிட். நமக்கு இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் ஒரு நல்ல பங்கு அங்கேயே கரைந்துவிடும். இதில் எங்கள் தண்ணீரின் 780 கடினத்தன்மை வேறு. தண்ணீர் சூடானால் சுண்ணாம்பு பிரிந்து ஹீட்டரில் படியும், கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே சமாச்சாரம். இரண்டாம் வருடமே ஹீட்டர் போனது. பழுது பார்க்க வந்தவர் கழற்றிக் காட்டியபோது சுண்ணாம்புக் காளவாயிலிருந்து எடுத்ததுபோல் இருந்தது. இப்போது குளிர்ந்த தண்ணீர் வாஷ் மட்டும்தான். மாதம் ஒருமுறை சிட்ரிக் ஆசிட் தூள் போட்டு வெறும் மெஷினைச் சூட்டில் ஓட்டுகிறோம். கதவு ரப்பரைத் துடைத்து, கதவைத் திறந்தே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும்.

டாப் லோடு பற்றி அதிகம் சொல்ல இல்லை. குனிய வேண்டாம், நடுவில் நிறுத்தி விட்டுப்போன சாக்ஸைப் போடலாம், சுற்று சீக்கிரம் முடியும். தண்ணீருக்குப் பஞ்சமில்லாத, முழங்கால் வலி உள்ளவர்கள் இருக்கும் வீட்டுக்கு நல்லது. பிழியும் வேகம் மட்டும் குறைவு. நிமிடத்துக்கு எழுநூறு சுற்று அளவில் நிற்கும். ஃப்ரண்ட் லோடு ஆயிரத்துக்கு மேல் போகும், செமியின் குட்டித் தொட்டி 1,300ஐத் தாண்டும் என்றே விற்கிறார்கள். மழைக்காலத்தில் இந்த எண்தான் பேசும்.

வெளியே கொடுத்தால்?

கிலோவுக்கு 70 ரூபாய் கேட்டார்கள். வாரம் 50 கிலோ என்றால் 3,500. நான்கு வாரத்துக்கு 14,000. மெஷின் வாங்கிவிடலாம். போர்வை, கம்பளி, திரைச்சீலை போன்றவற்றுக்கு வருடம் இரண்டு தடவை கொடுப்பதோடு சரி. இஸ்திரிக்காரரை மட்டும் விடவில்லை. சீருடையும் அலுவலகச் சட்டையும் அவரிடம்தான் போகின்றன.

கொடிக்கு வருவோம்

மொட்டை மாடியில் எங்களுக்கு இருந்தது நான்கு கொடி, மொத்தம் 24 மீட்டர். ஒரு நாள் துணிக்கே இருபது மீட்டர் போகிறது. ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகத் துவைக்கலாம் என்று ஒரு மாதம் முயன்றோம். ஏழு சுற்று. ஃப்ரண்ட் லோடில் காலையில் ஆரம்பித்தால் ராத்திரி வரை ஓடுகிறது, செமியில் மதியத்துக்குள் முடிகிறது. ஆனால் இரண்டிலும் இரண்டாம் சுற்றிலேயே கொடி நிரம்பிவிட்டது. கைப்பிடிச் சுவர், நாற்காலி, ஜன்னல் கம்பி என்று எங்கே பார்த்தாலும் பேண்ட். எத்தனை பெரிய மெஷின் வாங்கினாலும் கொடி எவ்வளவு தாங்குகிறதோ அவ்வளவுதான் அந்த வீட்டின் துவைக்கும் திறன். தினம் ஒரு சுற்று, சனி ஞாயிறில் விரிப்புக்கும் துண்டுக்கும் கூடுதலாக ஒவ்வொன்று என்று மாறினோம்.

கோவையில் காய வைப்பதற்கே ஒரு பஞ்சாங்கம் உண்டு. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் இரண்டு மணி நேரத்தில் ஜீன்ஸே காய்ந்துவிடும். அம்மி பறக்கிறதோ இல்லையோ, பள்ளிச் சட்டை நிச்சயம் பறக்கும், இரட்டைக் கிளிப் போட வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் நேர்மாறு. பாதி காய்ந்த துணியில் கிருமி பெருகித்தான் அந்தப் புழுங்கல் நாற்றம் வருகிறது. அப்போது வேகமாகப் பிழிவது, மாடிப்படிக்கு மேலே கூரையில் கயிறு இழுத்து ஏற்றும் ஸ்டீல் கொடி, ஒரு மின்விசிறி, இவை மூன்றும் போதும். டிரையர் மெஷின் விலையும் கரண்ட்டும் கேட்டுவிட்டு வந்துவிட்டோம். ஊட்டியிலோ வால்பாறையிலோ இருந்தால் யோசிக்கலாம். கட்டுக்கம்பிக் கொடி மட்டும் வேண்டவே வேண்டாம், துருக்கறை போகாது.

சேர்த்தா, தனித்தனியா?

குடும்பத்துக்குக் கிழமை பிரித்துத் தனித்தனியாகத் துவைப்பது சண்டை குறைந்த வழி என்று நினைத்தோம். ஆனால் பாதி நிறைந்த சுற்றுகள் கூடிவிட்டன, தண்ணீரும் தூளும் வீண். சேர்த்துத் துவைத்தால் துணி மாறிப்போகிறது. நான்கு ஆண்களின் பனியனும் ஒரே ரகம். பழைய சலவைக்காரர்கள் சேங்கொட்டைச் சாற்றால் ஓரத்தில் குறி போடுவார்கள், எந்தத் துவைப்பிலும் போகாது. நாங்கள் ஆளுக்கொரு நிற நூலில் இரண்டு தையல் போட்டுவிட்டோம். என் ஓரகத்தி ஒரே இரவில் முடித்தாள். இப்போது ஏழாவது படிக்கும் பையன்கூட நூலைப் பார்த்து அடுக்கிவிடுகிறான். மடிப்பதற்கு முறை வைத்திருக்கிறோம், கொழுந்தனாருக்குச் செவ்வாயும் வெள்ளியும்.

கடைசியில் என்ன செய்தோம்?

பழைய செமியை எக்சேஞ்சில் தள்ளாமல் மோட்டாரை மாற்றி வைத்துக்கொண்டோம். பார வேலை ஃப்ரண்ட் லோடுக்கு. வெள்ளைச் சீருடை, விசேஷத்துக்கு உடுத்திய பருத்திச் சேலை, கால்மிதி எல்லாம் செமிக்கு. இடம் கொஞ்சம் அடைக்கிறது. ஆனால் ஒன்று மக்கர் செய்தால் ஒன்பது பேர் துணி நிற்பதில்லை. ஒரே மெஷின்தான் என்று யாராவது கட்டாயப்படுத்தினால், எங்கள் தண்ணீருக்கு நான் செமியைத்தான் எடுப்பேன். வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் அந்தப் பதில் செல்லாது.

ஃப்ரண்ட் லோடு வாங்குகிறவர்கள் மாடித் தண்ணீர்த் தொட்டியின் உயரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் கொடிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று முதலில் மாடி அறையில் வைத்தோம். தொட்டி அங்கிருந்து ஒன்றரை மீட்டர்தான் உயரம். ஒரு மீட்டருக்கு 0.1 பார் அழுத்தம், இந்த மெஷின் கேட்பதோ 0.3. தண்ணீர் நூலாக இறங்கி, இருபது நிமிடம் கழித்து எரர் காட்டி நின்றது. கீழே இறக்கினோம். அன்றிலிருந்து ஈரத்துணிக் கூடை இரண்டு மாடி ஏறுகிறது. முழுச் சுற்று பிழிந்த பிறகும் பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது, அதையும் அதே தராசில் நிறுத்துவிட்டேன்.