ஒரே தெருவில் பிறந்தாலும் அட்டை நிறம் வேறு: ரங்கூன் போய் வந்த அனுபவம்

ரங்கூனில் பிறந்துவிட்டால் பர்மாக் குடியுரிமை தானாக வந்துவிடும் என்றுதான் சிங்கப்பூரில் என்னோடு வேலை செய்யும் பர்மாத் தமிழர்கள் பலர் நினைக்கிறார்கள். வராது. இந்த முறை ஊருக்குப் போனபோது என் மகளுக்கும் அக்கா மகனுக்கும் அடையாள அட்டை எடுக்க அலைந்தேன். இதே வேலையாகப் போகிறவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

மகள் பிறந்தது சிங்கப்பூரில். அங்கே பெற்றோரில் ஒருவராவது அந்த நாட்டுக் குடிமக்களாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. நானும் மனைவியும் பர்மா பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள், அதனால் அவளுக்கு அங்கே கிடையாது. அக்கா மகன் பிறந்ததும் வளர்ந்ததும் ரங்கூனில்தான். 10 வயதில் எடுக்கவேண்டிய முதல் அட்டையை வீட்டில் அப்படியே விட்டுவிட்டார்கள். இப்போது 18 ஆகிவிட்டது. அட்டை இல்லாமல் பாஸ்போர்ட் எடுக்க முடியாது, பேங்கில் கணக்குத் திறக்க முடியாது.

முதலில் வட்டார அலுவலகத்தில் பரிந்துரைக் கடிதம். அப்புறம் வீட்டுப் பதிவுப் பட்டியல், அம்மா அப்பா அட்டை, இரண்டு பக்கத் தாத்தா பாட்டிகளின் அட்டை, எல்லாவற்றுக்கும் மூலமும் நகலும். இரத்த வகை அட்டையிலேயே எழுதப்படும், அதனால் அதற்கும் சீட்டு வேண்டும். கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது; நகல் எடுக்கும் வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். அலுவலக வாசலில் குடை விரித்து டைப் அடிக்கும் பெரியவர்கள் இருப்பார்கள். எங்களுக்கு வாய்த்தவர் தமிழர். காகிதக் கட்டை வாங்கிப் பார்த்ததும், "தம்பி, புள்ள எங்க பொறந்துச்சுங்கறத விடுங்க. தாத்தா காகிதம் இருக்கா?" என்றார். அலுவலகத்துக்குள்ளேயும் அதே கேள்விதான்.

பர்மாவின் 1948 குடியுரிமைச் சட்டம் இவ்வளவு கெடுபிடியாக இல்லை. முன்னோர் இரண்டு தலைமுறையாக நிலையாகக் குடியிருந்து, பெற்றோரும் தானும் அந்த மண்ணிலேயே பிறந்திருந்தால் குடிமகன் என்றது. 1982 அக்டோபரில் வந்த சட்டம்தான் ஆட்களை மூன்றாகப் பிரித்தது. பர்மியர், ஷான், மோன் போன்ற இனத்தாரும், 1823க்கு முன்பே அங்கே குடியேறிய இனத்தாரும் பிறப்பால் குடிமக்கள். நம்மைப் போன்றவர்களில் அந்தச் சட்டம் வந்த நாளிலேயே குடிமக்களாக இருந்தவர்கள் அப்படியே தொடரலாம். 1948 சட்டப்படி விண்ணப்பித்துக் காத்திருந்தவர்கள் இணைக் குடிமக்கள் ஆனார்கள். விண்ணப்பிக்காமலே விட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும், குடும்பம் 1948 ஜனவரி 4க்கு முன்பே வந்தது என்று நிரூபித்தால், இயல்புரிமைக் குடிமக்கள் ஆகலாம். குடிமக்களுக்கு அட்டை இளஞ்சிவப்பு, இணைக் குடிமக்களுக்கு நீலம், இயல்புரிமைக் குடிமக்களுக்குப் பச்சை.

எங்கள் தாத்தாவும் அத்தானுடைய அப்பாவும் ஒரே தெருவில் குடியிருந்தவர்கள். தாத்தா 1950களிலேயே மனுப்போட்டுக் குடியுரிமைச் சான்றிதழ் வாங்கிவிட்டார். அத்தானுடைய அப்பா என்றைக்காவது இந்தியாவுக்குத் திரும்பிவிடுவோம் என்று எஃப்.ஆர்.சி. என்ற வெளிநாட்டார் பதிவுப் புத்தகத்தோடே காலம் தள்ளினார். 1964இல் கடைகளையெல்லாம் அரசு எடுத்துக்கொண்டபோது கப்பலேறப் பெட்டி கட்டியவர், கடைசியில் தங்கிவிட்டார். அதனால் அக்கா கையில் இளஞ்சிவப்பு அட்டை, அத்தான் கையில் பச்சை. அத்தான் ரங்கூனை விட்டு வெளியே வேலைக்குப் போனதே இல்லை. பச்சை அட்டையை அரசு ரத்து செய்யவும் சட்டத்தில் இடமிருக்கிறது. பிறந்து வளர்ந்து வரி கட்டிக் கிழவனாகிவிட்ட மனிதரை இப்படி ஒரு ஓரத்தில் நிறுத்துவது அநியாயம். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

மகள் வேலை சுலபமாக முடிந்தது. பெற்றோர் இருவரும் குடிமக்கள் என்றால் பிள்ளை நாட்டுக்கு உள்ளே பிறந்தாலும் வெளியே பிறந்தாலும் குடிமகன்தான். சிங்கப்பூரில் பிறந்தவுடனேயே தூதரகத்தில் பதிந்து வைத்திருந்தோம், அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் மேலே கேள்வி இல்லை. தகப்பன் பெயர், இரத்த வகை, அடையாள மச்சம், இனம், மதம் எல்லாம் எழுதி அட்டை கைக்கு வந்தது. இனம் என்ற இடத்தில் இந்தியா, மதம் இந்து. ஆனால் அட்டை இளஞ்சிவப்பு.

ரங்கூனிலேயே பிறந்த அக்கா மகனுக்குத்தான் இழுபறி. "அப்பா பச்சை என்றால் மகனும் பச்சை" என்று மேசையில் இருந்தவர் ஒரே போடாகப் போட்டார். அக்கா கண் கலங்கிவிட்டாள். வெளியே வந்து டைப் பெரியவரிடம் சொன்னோம். அவர் பெட்டிக்குள்ளிருந்து பழைய சட்டப் புத்தகம் ஒன்றை எடுத்தார். 7ஆம் பிரிவில் பென்சிலால் கோடு போட்டிருந்தது: பெற்றோரில் ஒருவர் குடிமகன், மற்றவர் இயல்புரிமைக் குடிமகன் என்றால் பிள்ளை குடிமகன். அந்தப் பிரிவைக் குறிப்பிட்டே மனுவை மறுபடி அடித்துக் கொடுத்தார். உள்ளே இருந்தவர் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார், ஆனால் வாங்கிக்கொண்டார். மேலிடத்துக்கு அனுப்புகிறோம் என்று முத்திரை குத்திய ரசீதும் கொடுத்தார். நடுவில் டீ காசு கேட்டவர்களும் இருந்தார்கள். ரசீது கைக்கு வராமல் யாருக்கும் எதுவும் கொடுக்காதீர்கள்.

பெயர்க் குழப்பம் இன்னொரு தலைவலி. நம்மவர்களுக்கு வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர், பள்ளியில் ஒரு பர்மியப் பெயர். எங்கள் தாத்தா சான்றிதழில் முனியாண்டி, வீட்டுப் பட்டியலில் பர்மியப் பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிக் கடிதம் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதற்கே தனியாக அலைய வேண்டும்.

சிங்கப்பூர்க் குடியுரிமைக்கு மனுப்போட நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பர்மா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. சிங்கப்பூரில் குடிமகன் ஆனால் பர்மாக் குடியுரிமை போய்விடும், வயதான காலத்தில் ஊரில் வந்து தங்கலாம் என்ற எண்ணம் இருந்தால் யோசித்துச் செய்யுங்கள்.

அக்கா மகனுக்கு இன்னும் பதில் வரவில்லை. அத்தானுடைய அப்பாவின் எஃப்.ஆர்.சி. புத்தகத்தின் மூலத்தைக் கேட்டிருக்கிறார்கள். அது பெகுவில் அவருடைய தங்கை வீட்டுப் பெட்டியில் இருக்கிறதாம். அடுத்த வாரம் அத்தானே போய் எடுத்துவருகிறார். கொடுப்பதற்கு முன் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து எனக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.