ஒரே ஃபில்டர், ரெண்டு கணக்கு

லைசென்ஸ் விலையைக் குறைச்சாலும் குறைச்சாங்க, இப்ப வாங்கலாமான்னு ஆளாளுக்கு கேக்குறாங்க. டூல் பேரு வேணாம், ஸ்டெப்பை இழுத்துப் போட்டு கோடு சேக்குற ஈடிஎல் (ஒரு இடத்துல இருந்து டேட்டாவை எடுத்து, மாத்தி, இன்னொரு இடத்துல போடுற) டூல்ல ஒன்னு. ஃபீச்சர் லிஸ்ட் அவங்க சைட்லயே கிடக்கு, தினமும் இதோட மல்லுக்கட்டுறவனா சொல்றேன்.

பாராமீட்டர்ல, அதாவது ஓட்டும்போது வெளிய இருந்து குடுக்குற மதிப்புல, இவனுங்கள அடிச்சுக்க ஆளே இல்ல. முன்னாடி கிளைக்கு ஒரு ஜாப், மாசத்துக்கு ஒரு காப்பி, எது கடைசி வெர்ஷன்னு செஞ்சவனுக்கே தெரியாது. இப்ப கனெக்ஷன், ஆரம்ப தேதி, முடிவு தேதி, கிளை கோடு நாலும் பாராமீட்டர், மொத்தமே ஒரே வொர்க்ஃப்ளோதான். தேதி கேக்குற இடத்துல எவனாச்சும் டெக்ஸ்ட் குடுத்தா வாசல்லயே நிறுத்திடும். டெஸ்ட்ல ஓட்டிப் பாத்துட்டு ப்ரொடக்ஷனுக்குப் போக கனெக்ஷனை மட்டும் மாத்தினா போதும், உள்ள ஒரு ஸ்டெப்பையும் தொட வேணாம். முடிவு தேதியை மட்டும் "அதுக்கு முன்னாடி வரைக்கும்"னு வைங்க, அதாவது ஜனவரி 1ல ஆரம்பிச்சு பிப்ரவரி 1க்குக் குறைவா. பிட்வீன் (இந்தத் தேதில இருந்து அந்தத் தேதி வரைக்கும்) போட்டு முடிவுக்கு வெறும் ஜனவரி 31னு குடுத்தா, காலம்ல நேரமும் சேந்திருந்தா 31ஆம் தேதி பகல்ல போட்ட பில் பூரா காணாமப் போயிடும், எர்ரரும் வராது.

வயித்தெரிச்சல் எல்லாம் ஃபில்டர்லதான். ஃபில்டர் டேட்டாபேஸ்லயே ஓடி, வேண்டிய வரி மட்டும் வரணும், எக்செல்ல வர்ற பவர் க்வெரில இதையே க்வெரி ஃபோல்டிங்னு சொல்லுவாங்க. இதுலயும் அது உண்டு, ஆனா ஃபில்டருக்கு முன்னாடி பேரை சுத்தம் பண்ற ஒரு சின்ன கஸ்டம் ஸ்டெப் வச்சாக்கூட சத்தமில்லாம டேபிள் முழுசையும் இழுத்துட்டு வந்து இங்க வச்சு சலிக்கும், கிணத்தையே தூக்கிட்டு வந்து ஒரு சொம்பு மொள்ற கதைதான். ஸ்க்ரீன்ல ஒரு அறிகுறி கிடையாது, டேட்டாபேஸ் லாக்ல WHERE கண்டிஷன் (ஃபில்டரைச் சொல்ற பகுதி) போயிருக்கான்னு நாமதான் தேடணும்.

மெதுவா ஓடினாக்கூட பொறுத்துக்கலாம்ங்க, விடையே மாறுது. "ஸ்டேட்டஸ் கேன்சல்னு இல்லாதது"ன்னு ஒரு ஃபில்டர். எஸ்க்யூஎல்ல, அதாவது டேட்டாபேஸோட மொழில, ஓடினா ஸ்டேட்டஸ் காலியா (NULL) இருக்குற வரியும் போயிடும், ஏன்னா அங்க NULL-ஐ எதோட ஒப்பிட்டாலும் உண்மையும் இல்ல பொய்யும் இல்ல. அதே ஃபில்டர் டூலுக்குள்ள ஓடினா காலியும் கேன்சலும் ஒன்னில்லன்னு அந்த வரியை வச்சுக்கும். ஆக நடுவுல எவனோ ஒரு ஸ்டெப்பை நகத்தினா போதும், மாச டோட்டல் மாறிடும், ஃபில்டர்ல ஒரு எழுத்து மாறியிருக்காது. சப்போர்ட்ல கேட்டா "டிசைனே அப்படித்தான்"னு டிக்கெட்டை மூடிட்டாங்க. என்னத்த டிசைனோ.

அதனால இப்ப எல்லா ஃபில்டரும் முதல் ஸ்டெப்லயே, "அல்லது காலியா இருந்தா"ங்கிறதையும் கையால எழுதிடுறது. எத்தனை வரி உள்ள வந்துச்சு, எத்தனை வெளிய போச்சுன்னு லாக்ல எழுதுற ஸ்டெப் ஒன்னும் கடைசில தொங்குது.

வாங்கலாமான்னா, வேணாம். நான் ரென்யூவலுக்கு மெயில் போட்டாச்சு, அது வேற விஷயம், திரும்ப மாசத்துக்கு ஒரு காப்பி போட்டுட்டு எவன் உக்காருவான்.