காதுக்குள் ஒரு குரலா, பத்துப் பேர் கூடும் வகுப்பா?

மூன்று வயதில் கையில் கிடைத்ததை எல்லாம் வீசி, கடித்து, உருண்டு அழும் பிள்ளைக்கு "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருப்பது எனக்கு உடன்பாடில்லை. பல பிள்ளைகளுக்குச் சரியாகிவிடுகிறது, சிலருக்கு முற்றிவிடுகிறது. முற்றுவதற்கு முன்பே பெற்றோருக்குப் பயிற்சி கொடுக்கும் முறைகளில், நன்கு சோதித்துப் பார்க்கப்பட்ட இரண்டை இங்கே பார்ப்போம்.

ஒன்று பி.சி.ஐ.டி. (Parent-Child Interaction Therapy), பெற்றோரும் பிள்ளையும் பழகும் விதத்தை மாற்றும் சிகிச்சை. அமெரிக்க உளவியலாளர் ஷீலா ஐபெர்க் 1970-களில் உருவாக்கியது. இரண்டு முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கானது. அறையில் அம்மாவும் பிள்ளையும் மட்டும் விளையாடுவார்கள். அம்மாவின் காதில் ஓர் இயர்போன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பயிற்சியாளர். பிள்ளை கட்டைகளை அடுக்குகிறான். அம்மா பழக்கத்தில் "இது என்ன கலர்?" என்கிறார். "கேட்காதீர்கள், அவன் செய்வதைச் சொல்லுங்கள்" என்று காதில் குரல் வருகிறது. "சிவப்புக் கட்டையை மேலே வைக்கிறாய்!" பிள்ளை நிமிர்ந்து பார்க்கிறான்.

முதல் கட்டத்தில் கேள்வி, கட்டளை, குறை மூன்றும் கூடாது. ஐந்து நிமிடத்தில் பத்துமுறை குறிப்பிட்டுப் பாராட்ட வேண்டும். நாம் சொல்லும் "சமத்து" அதில் சேராது. "கட்டையை மெதுவாக வைத்தாயே, நல்லது" என்றால்தான் கணக்கு. கட்டளையிடுவது எப்படி என்பதெல்லாம் அப்புறம்தான்.

மற்றொன்று உளவியலாளர் கரோலின் வெப்ஸ்டர்-ஸ்ட்ராட்டனின் இன்கிரெடிபிள் இயர்ஸ். பத்துப் பன்னிரண்டு பெற்றோர் வாரம் ஒருமுறை கூடி, சின்னச் சின்ன வீடியோக் காட்சிகள் பார்த்து, பேசி, நடித்துப் பழகுவார்கள். வேல்ஸில் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் உள்ள 153 குடும்பங்களிடம் இதைச் சோதித்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். முரட்டுத்தனம் வேரூன்றும் அபாயம் தெரிந்த பிள்ளைகள் இவர்கள். 12 வார வகுப்பு. பயிற்சி பெற்ற வீடுகளில் பிரச்சினைகள் நன்றாகவே குறைந்தன.

ஆஸ்திரேலியாவின் டிரிபிள் பி என்ற பெற்றோர் பயிற்சித் திட்டமும் உண்டு. ஊர் முழுக்கச் செய்தி பரப்புவதில் தொடங்கி ஐந்து படிகள். பரப்பு பெரிது, ஆனால் நான் முதலில் எடுக்கமாட்டேன்.

வருமுன் காக்க என்றால் என் தேர்வு இன்கிரெடிபிள் இயர்ஸ் வகுப்புதான். "என் பிள்ளை மட்டும்தான் இப்படி" என்ற கூச்சம் இரண்டாவது வாரமே கரையும். ஆனால் வீட்டில் அடி விழத் தொடங்கியிருந்தால் பி.சி.ஐ.டி. பிள்ளையை அடித்துப் புகாருக்கு ஆளான 110 பெற்றோரிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2004-இல் வெளியானது. வழக்கமான பெற்றோர் வகுப்புக்கு (இன்கிரெடிபிள் இயர்ஸ் அல்ல) போனவர்களில் 49 சதவீதத்தினர் மீது மறுபடி புகார் வந்தது, பி.சி.ஐ.டி.-யில் 19 சதவீதம். அந்த இடத்தில் பேச்சு போதாது, கை ஓங்கும் நொடியில் காதில் ஒரு குரல் வேண்டும்.