கையைத் தூக்கவா, மடியில் வைக்கவா?
2016இல் வந்த முதல் ஹோலோலென்ஸில் (மைக்ரோசொஃப்டின் தலையில் மாட்டும் கணினிக் கண்ணாடி) எதையாவது தேர்ந்தெடுக்க, தலையைத் திருப்பிக் குறிவைத்து, கையைக் கமராவுக்குத் தெரியும்படி முன்னால் தூக்கி, சுட்டுவிரலைக் கீழே தட்ட வேண்டும். வெள்ளவத்தையில் நின்று பஸ் மறிக்கிற மாதிரித்தான். கொஞ்ச நேரத்தில் யாருக்கும் தோள் கடுக்கும், இதற்குக் 'கொரில்லா கை' என்று பேரே உண்டு. 2024இல் வந்த, அப்பிளின் அதே மாதிரிக் கருவியான விஷன் புரோவில் கண்ணால் பார்த்து, பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்தால் போதும், கீழ்நோக்கிய கமராக்கள் இருப்பதால் கை மடியிலேயே கிடக்கலாம். சரி, சொகுசுதான். ஆனால் அம்மா "தம்பி, தேத்தண்ணி" என்று கூப்பிட, கண் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து விரல் சேர்ந்தால், தெரிவு வேறெங்கோ விழும். எனக்கு மடியில் கை வைக்கிறதுதான் பிடிக்கும். அப்பாவுக்குப் பழக்குவதென்றால் தட்டுவதையே முதலில் காட்டுவேன்.