தோழி எழுதியதும் நூறாண்டு கழித்து எழுதியதும்

‘ஜேன் அயர்’ நாவலை எழுதிய ஆங்கில எழுத்தாளர் சார்லட் பிரான்ட்டேயின் வாழ்க்கையை முதலில் எழுதியவர் அவருடைய தோழி எலிசபெத் காஸ்கெல். 1855-இல் மகள் இறந்த சில மாதங்களிலேயே தந்தை பாட்ரிக் கேட்டுக்கொண்டார். 1857-இல் புத்தகம் வந்துவிட்டது. சார்லட்டின் பள்ளித் தோழி எல்லன் நஸ்ஸி பத்திரமாக வைத்திருந்த நூற்றுக்கணக்கான கடிதங்கள் கைக்குக் கிடைத்தன. சார்லட்டின் குரல் காதில் இருக்கும்போதே எழுதியது அது. அந்தச் சூடு வேறெவருக்கும் வாய்க்காது.

ஆனால் தோழி என்பதே தடையாகவும் ஆனது. பிரசெல்ஸில் தனக்குப் பாடம் சொன்ன திருமணமான ஆசிரியர் ஹெகருக்குச் சார்லட் எழுதிய ஏக்கக் கடிதங்களைப் பற்றி அங்கேயே போய்த் தெரிந்துகொண்டும் காஸ்கெல் மறைத்துவிட்டார். போதாததற்கு அவதூறு வழக்கு மிரட்டல் வேறு. விற்பனையை நிறுத்தி, அதே ஆண்டிலேயே திருத்திய பதிப்பு போட வேண்டியதாயிற்று.

நூறாண்டு கழித்துச் சார்லட்டின் வாழ்க்கையை எழுதிய வினிஃப்ரெட் ஜெரினுக்கு அந்தச் சங்கடம் இல்லை. ஹெகர் கடிதங்கள் 1913-லேயே அச்சாகிவிட்டன. அவர் பிரான்ட்டேக்களின் ஊரான ஹாவர்த்துக்கே குடிபோய், அதே மேட்டு வெளிகளில் நடந்து, ஆன், பிரான்வெல், சார்லட், எமிலி என உடன்பிறந்த நால்வருக்கும் தனித்தனி நூல் எழுதினார். சார்லட் பற்றியது 1967-இல் வந்தது. நேரில் பார்த்திராதவரை இத்தனை பொறுமையாகத் தேடியது எனக்கு இன்னும் வியப்புதான்.

உண்மை வேண்டுமென்றால் ஜெரின். ஆனாலும் முதலில் காஸ்கெலைப் படியுங்கள். சார்லட் இறக்கும் பக்கங்களில் ஒரு தோழியின் துக்கம் அப்படியே இருக்கிறது.