அம்மாவின் பம்பஸ்: நாலு வருடக் கணக்கு

அம்மாவுக்கு முதல் பம்பஸ் (பெரியவர்களுக்கான டயப்பர்) பக்கெட்டை 2021இல் இலங்கை மலையகத்து ஹட்டன் டவுனில் வாங்கினேன். 10 உள்ளது, 1,150 ரூபாய். அந்த வருடம்தான் நான் வேலை செய்த தேயிலைத் தோட்டத்தில் நாள் சம்பளம் 1,000 ஆனது. ஒரு முழுப்பேர், அதாவது முழு நாள் வேலை, போட்டாலும் ஒரு பக்கெட்டுக்குப் போதாது.

அம்மாவுக்கு மறதி நோய். 40 வருடம் கொழுந்து எடுத்தவர். விடியக்காலை நாலு மணிக்கு எழும்பி, "பெரட்டுக்கு நேரமாச்சு, கூடை எங்கடி" என்பார். பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்.

இரண்டு பக்கமும் ஒட்டுகிற வகையை வாங்காதீர்கள். அம்மா இரவில் அதைப் பிய்த்து, பஞ்சைப் படுக்கை முழுக்கப் பரப்பிவிடுவார். ஜங்கி மாதிரி காலில் ஏற்றுவது விலை கூட. ஆனால் தன் உடுப்பு என்று நினைத்து விட்டுவிடுகிறார். இடுப்பை அளந்து வாங்குங்கள். பெரிய சைஸ் என்றால் தொடைப்பக்கம் ஒழுகும்.

துணி கட்டலாமே என்றார் சின்னம்மா. சொல்வது லேசு. ஜூனில் மழை பிடித்தால், நாங்கள் இருக்கும் லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) துணி காய அடுப்புக்கு மேல்தான் கொடி. பாதி காய்ந்த துணியைக் கட்டி, தொடையில் புண் வந்ததுதான் மிச்சம். இப்போது பகலில் துணி, இரவுக்கு ஒரு பம்பஸ். மாதம் மூன்று பக்கெட்.

கிளினிக்கில் மறதி நோய்க்குத் தரும் டொனெபெசில் மாத்திரையை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக்கினார்கள். அம்மாவுக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. அந்த மாதம் ஏழு பக்கெட்! டாக்டரிடம் போய்ச் சொன்ன பிறகுதான் இது மாத்திரையால் வரக்கூடியது என்று தெரிந்தது. திரும்ப 5 ஆக்கினார். நோயை அது குணமாக்காது, கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். கிளினிக்கில் இலவசம். மருந்துத் தட்டுப்பாடு வந்த 2022இல் மட்டும் வெளியில் வாங்க எழுதித் தந்தார்கள். அதே வருடக் கடைசியில் பம்பஸ் 2,600.

அப்போதுதான் ஒரு நாள் அம்மாவைக் காணோம். மேல் மலையில், இரவு உடுப்போடு, கொழுந்து கிள்ளிக்கொண்டு நின்றார். மறுநாளிலிருந்து நான் வேலைக்குப் போகவில்லை.

மாதம் பம்பஸுக்கு 7,800 என்றால் எல்லோரும் ஐயோ என்கிறார்கள். 2024 செப்டெம்பரில் நாள் சம்பளம் 1,350 ஆனது. நான் வேலைக்குப் போய் மாதம் 20 நாள் பேர் போட்டிருந்தால் 27,000. அதற்கு மேல் தோட்டம் என் பேரில் கட்டும் ஊழியர் சேமலாப நிதி (ஈபிஎப்) 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதி (ஈடிஎப்) 3 சதவீதம். அது போனதற்கு யாரும் ஐயோ என்பதில்லை. கொழும்பிலிருந்து அண்ணன் 10,000 அனுப்பிவிட்டு, "செலவுக்குச் சரியா?" என்பார். சரி என்பேன்.

போன மாதம் 20 உள்ள பெரிய பக்கெட் வாங்கினேன். ஒன்றுக்கு 40 ரூபாய் லாபம். வைக்கத்தான் இடமில்லை, அம்மாவின் பழைய கூடைக்குள் போட்டிருக்கிறேன். நாலு மணிக்கு முன் மேலே ஒரு சேலையைப் போட்டு மூடிவிட வேண்டும்.