லீஃப் ஸ்பிரிங்கா, காயிலா? 15 வயதுக் குடும்ப வண்டியில் துரு எங்கே உட்காரும்

பொலிரோ, பழைய சுமோ, குவாலிஸ் மூன்றுக்கும் பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங், அதாவது வளைந்த எஃகுப் பட்டைகளின் அடுக்கு. ஸ்கார்பியோவுக்கும் இன்னோவாவுக்கும் காயில், அதாவது சுருள் ஸ்பிரிங். ஐந்துமே சேஸி என்ற இரும்பு அடிச்சட்டத்தின் மேல் பாடி உட்காரும் வண்டிகள். 15 வருஷம் முடிந்து ஆர்.சி.யை அடுத்த 5 வருஷத்துக்குப் புதுப்பிக்கும் நேரத்தில், செலவழித்து வைத்துக்கொள்வதா தள்ளிவிடுவதா என்று வீட்டில் பேச்சு எழும். இன்ஜினைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். பின்பக்க ஸ்பிரிங் சேஸியோடு சேரும் இடத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. முடிவு அங்கேதான் இருக்கிறது.

மதுரை காய்ந்த ஊர், இங்கே துரு எப்படி வரும் என்று கேட்கலாம். காற்றை விட மண்ணும் தண்ணீரும்தான் காரணம். திருமங்கலம், பேரையூர் பக்கத்துக் கரிசல் மண் சேஸியில் அப்பினால் மழை விட்ட பிறகும் நாள்கணக்கில் ஈரத்தை விடாது. செம்மண் காய்ந்ததும் உதிர்ந்துவிடும், கரிசல் அப்படி இல்லை. அதைக் கழுவ வாட்டர் சர்வீஸுக்குப் போனால், பல இடங்களில் அடிப்பது போர்வெல் உப்புத் தண்ணீர். அழுத்தத்தோடு பீய்ச்சும்போது அது உள்கூடான சேஸிப் பெட்டிக்குள் புகுந்துவிடும். வடிகால் துளையை மண் அடைத்திருந்தால் உள்ளேயே தங்கும். அடிக்கடி ராமேஸ்வரம், தொண்டி போய்வரும் வண்டி என்றால் கடல் உப்பும் சேர்ந்துகொள்ளும்.

லீஃப் வண்டியில் துரு முதலில் பட்டைகளுக்கு இடையில் பிடிக்கும். பல பட்டை அடுக்கு என்றால் துரு உப்பி, பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்காமல் இறுகும். கிரீச் சத்தம், முரட்டுக் குலுக்கல், கடைசியில் விரிசல். விரிசல் பெரும்பாலும் பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் துளையை ஒட்டியோ, அவற்றை ஆக்ஸிலோடு (சக்கர அச்சோடு) கட்டும் யூ போல்ட் பிடிக்கும் விளிம்பிலோ வரும். சென்டர் போல்ட் அறுந்தால் அந்தப் பக்கம் ஆக்ஸில் நகர்ந்து வண்டி நண்டு போலச் சாய்ந்து ஓடும். சந்தேகம் வந்தால் ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்துப் பாருங்கள். 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள்.

பட்டை வளைவு குறைந்து உட்கார்ந்துவிட்டால், அடித்து வளைவு ஏற்றித் தரவா, புது செட் போடவா என்று பட்டறையில் கேட்பார்கள். சுத்தியலால் குளிர்நிலையில் அடித்து ஏற்றுவது கொஞ்ச காலம் தாங்கும், சுமை ஏறினால் மறுபடி இறங்கும். கேஸ் வைத்துச் சூடாக்கி வளைப்பதை அனுமதிக்கவே கூடாது. எஃகின் பதம் போய்விடும், பிறகு அது ஸ்பிரிங் அல்ல, வெறும் இரும்புப் பட்டை. துரு தின்று தடிமன் குறைந்த பட்டை என்றால் புது செட்தான், அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து. யூ போல்ட்டும் புதிதாக வேண்டும். போட்டு 500 கி.மீ. ஓடியதும் மறுபடி டைட் வைக்க வேண்டும். இந்த இரண்டாம் டைட்டைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

காயிலுக்குத் துரு வேறு வழியில் வரும். ஸ்பிரிங் உட்காரும் கீழ்க் கிண்ணத்தில் மண் தேங்கும். ரப்பர் சீட்டுக்குள் மறைந்திருக்கும் கடைசிச் சுற்று துருப்பிடித்து ஒடியும். ஒடிந்த பிறகும் வண்டி ஓடும் என்பதுதான் ஆபத்து. சமதளத்தில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தால் ஒரு பக்கம் இறங்கியிருப்பது தெரியும். ஸ்பிரிங்கை ஜோடியாக மாற்றுங்கள். அடுத்த செலவு புஷ், இணைப்பு முனைகளில் இருக்கும் ரப்பர் உறை. இன்னோவாவின் பின்பக்கம் ஆக்ஸிலைச் சேஸியோடு பிணைக்கும் நான்கு லிங்க் கம்பிகள், ஒரு குறுக்குக் கம்பி, ஒவ்வொன்றுக்கும் இரு முனை, ஆகப் பத்து புஷ். லீஃப் வண்டியில் பக்கத்துக்கு மூன்று இடம்தான்: பட்டையின் முன்முனை வளையமான முன் கண், பின்முனையைச் சேஸியோடு இணைக்கும் ஷாக்கிளின் மேலும் கீழும். குறுக்குக் கம்பி புஷ் தேய்ந்தால் கொடைக்கானல் மலைப்பாதை வளைவில் பின்பக்கம் தனியாக ஆடும். டயர் மேல் பழி போட்டு அலைன்மெண்ட்டுக்கு எத்தனை முறை கொடுத்தாலும் அது தீராது.

இரண்டு வகைக்கும் பொதுவான தவறு ஒன்று உண்டு. ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே ரப்பர் புஷ் போல்ட்டை முழுக்க இறுக்கிவிடுவார்கள். வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். போல்ட்டைத் தளர்வாக மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, எடை ஏறிய பிறகே கடைசி டைட்.

ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர் விஷயத்தில் லீஃப் ஏமாற்றும். பட்டைகளின் உராய்வே ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்கிவிடுவதால், ஷாக் செத்தது ஓட்டுபவருக்குத் தெரியாமலே போகும். ஆயில் கசிவைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். காயிலில் அந்த மறைப்பு இல்லை. ஷாக் போன வாரமே பின் சீட்டில் இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். முன்பக்கத்தில் இரண்டு வகைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, முன் சக்கரத்தைத் திரும்பவிடும் பந்து மூட்டான பால் ஜாயின்ட்டின் ஆட்டத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

இனி சேஸி. ஷாக்கிள் பிராக்கெட், காயில் கிண்ணம், லிங்க் பிராக்கெட் ஆகியவற்றைச் சுற்றிச் சின்ன சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்ல இரும்பு. மந்தமாகக் கேட்டால் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், உள்ளே இறங்கினால் அங்கே வெல்டிங் தேவை. நல்ல இரும்பு வரும் வரை வெட்டி, சேஸி தடிமனுக்குக் குறையாத தகடு வைக்க வேண்டும். தகட்டின் ஓரம் சேஸிக்குக் குறுக்கே செங்குத்தாக வந்தால் அந்தக் கோட்டிலேயே மறுபடி பிளக்கும், சாய்வாக வெட்டச் சொல்லுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரியும் இன்ஜின் கம்ப்யூட்டரான ஈ.சி.எம். கனெக்டரும் கழற்றப்பட வேண்டும். டீசல் டேங்க் பக்கத்தில் என்றால் டேங்கையே இறக்க வேண்டும். ஓட்டையை மூடும் பட்டி, ஃபைபர் எல்லாம் கதவு அடிக்கு ஓகே. சேஸியில் வைத்தால் அது மோசடி.

வண்டியின் அடியில் பூசும் அண்டர்கோட்டிங்கிலும் இரண்டு வழி. தார் போன்ற கறுப்புப் பூச்சு கல்லடி தாங்கும், ஆனால் துரு மேல் அடித்தால் ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். மெழுகுப் பூச்சு பெட்டிக்குள் ஊடுருவும், ஆனால் வருஷா வருஷம் அடிக்க வேண்டும். வெளியே கம்பிப் பிரஷ், துருவை நிலைப்படுத்தும் ரசாயனமான துரு மாற்றி, எபாக்ஸி பிரைமர், அதன் மேல் கறுப்பு பெயின்ட், உள்ளே மெழுகு. நம் ஊருக்கு இது போதும். நல்ல தண்ணீரில் கழுவி, சித்திரை வெயிலில் இரண்டு நாள் காயவிட்டு, ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடுங்கள். வடிகால் துளை திறந்தே இருக்கட்டும். கழிவு ஆயிலை லீஃபில் பூசும் பழக்கம் வேண்டாம், புஷ் ரப்பர் ஊறி உப்பிவிடும்.

தோட்டம், சுமை, மண் ரோடு என்று ஓடுகிற வீட்டுக்கு லீஃப் வண்டியை வைத்துக்கொள்வதே லாபம். லாரி வேலை செய்யும் எந்தப் பட்டறையிலும் அதற்குக் கை கிடைக்கும். வயதானவர்களைப் பின்னால் உட்காரவைத்து நெடுந்தூரம் போகிறவர்கள் காயிலுக்குப் பத்து புஷ் செலவைத் தாங்கலாம். ஸ்பிரிங் பிராக்கெட்டைச் சுற்றி இரண்டு பக்கமும் சேஸி ஓட்டையாகியிருந்தால், எந்த வகையானாலும் சஸ்பென்ஷனுக்கு ஒரு ரூபாய்கூடப் போடாமல் விற்றுவிடுங்கள். வாங்குபவரிடம் அந்த இடத்தைக் காட்டியே விற்க வேண்டும்.